கொடைக் கணக்கும் கடன் கணக்கும்

இம்மாதம் வந்த கடிதங்களில் மூன்று ஒரே பொருளைத் தொட்டு எழுதப்பட்டிருந்தமையால், அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான், இப்போது ஈப்போவில் கணக்காளராக இருக்கிறேன். ‘எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம்’ என்ற சிந்தனையைப் படித்த பிறகு, மூன்று ஆண்டுகளாகச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை ஆப்பிரிக்காவில் மலேரியாவைத் தடுக்கக் கொசுவலை வழங்கும் அமைப்பொன்றுக்கு அனுப்பி வருகிறேன். பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற, பழைய சங்கத்துக்காரரான என் அப்பாவோ, “தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயத்தை (தொழிலாளர் குடியிருப்பை)க் காலி செய்யச் சொல்கிறார்கள், நீ கொசுவலை வாங்கிக்கொண்டிருக்கிறாய். அது தர்மம், இது நியாயம், இரண்டையும் ஒரே தராசில் போடாதே” என்கிறார். அவர் சொல்வது சரிதானா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஒரே தராசில் போடக்கூடாது என்பதை ஏற்கிறேன். கொசுவலையைக் குறைத்துப் பேசுவதைத்தான் ஏற்க முடியவில்லை. அதிலும் ஒரு தோட்டத்துக்காரர் அப்படிப் பேசலாகாது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். குளத்தில் மூழ்கும் குழந்தையைத் தூக்க உடுப்பு நனைவதைப் பாராத நாம், தொலைவில் சாகும் குழந்தைக்கு மட்டும் ஏன் தயங்குகிறோம் என்று, கிழக்கு வங்காள அகதிகளின் துயரை முன்வைத்து, தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1972இல் வெளியான ஒரு கட்டுரையில் கேட்டார். அந்தக் கேள்வியின் வழியில், டோபி ஆர்டும் வில்லியம் மெக்காஸ்கிலும் 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில், வருமானத்தில் பத்து விழுக்காட்டைக் கொடுக்க உறுதியெடுப்போரின் அமைப்பைத் தொடங்கினார்கள். எந்த அமைப்புக்குக் கொடுத்தால் எவ்வளவு நன்மை விளையும் என்பதை 2007இல் தோன்றிய கிவ்வெல் என்ற அமைப்பு ஆராய்ந்து வெளியிடுகிறது. மிகச் சிறந்தவை என்று அது கருதும் அமைப்புகளின் வழியே ஓர் உயிரைக் காக்கச் சில ஆயிரம் அமெரிக்க டாலர் ஆகும் என்பது அதன் மதிப்பீடு. விளைவறிந்து கொடுத்தல் என்று இதைத் தமிழில் சொல்லலாம்.

இனி மலேரியாவுக்கு வருவோம். மலாயாவில் காட்டை அழித்து ரப்பர் நட்டபோது, வெயில் விழத் தொடங்கிய மலையோடைகளில் கொசு பெருகியது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களில் எத்தனையோ பேர் முதல் ஆண்டைக்கூடத் தாண்டவில்லை. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்தும், பின்னாளில் மலைத் தோட்டங்களின் ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் இறக்கியும், எண்ணெய் தெளித்தும் அந்தச் சாவைக் குறைத்தார். எந்தக் கொசு எங்கே முட்டையிடுகிறது, எந்த வேலைக்கு என்ன செலவாகும், எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று எண்ணிப் பார்த்துச் செய்த காரியம் அது. இன்று ஆப்பிரிக்கக் குழந்தைக்கு நீங்கள் அனுப்புவது, உங்கள் பாட்டன் காலத்தில் நம்மவர்களுக்குத் தேவைப்பட்ட அதே பொருள்.

ஆனால், வாட்சன் வெட்டிய வாய்க்கால், தொழிலாளரின் கூலியை ஒரு காசும் உயர்த்தவில்லை. ஆள் செத்தால் வேலை நின்றுவிடும் என்ற கவலையும் சேர்ந்துதான் தோட்டங்களை நடத்திய துரைமாரை அதற்குச் சம்மதிக்க வைத்தது. உயிரோடிருந்தவர்களுக்கு வேறு குறைகள் இருந்தன என்பதற்கு, 1941இல் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளே சான்று. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு என்ற பட்டியலில், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்பதும் ஒன்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின; நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) எத்தனை ஆண்டு ஆயுள் கூடும் என்று அளக்கும் ஏட்டில், சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமையை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? கணக்காளரான உங்களையே கேட்கிறேன்.

என் பணம் எங்கே அதிகம் பயன்படும் என்பது நல்ல கேள்வி. யார் யாருக்குப் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. முதலாவதைக் கேட்டுக்கொண்டே இருப்பவர் இரண்டாவதை மறந்துவிடுவது எளிது. தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பத்துக்கு வீடு என்பது, அந்த உழைப்பால் வளர்ந்தவர்கள் தீர்க்க வேண்டிய கடன். உங்கள் நன்கொடையால் அதை அடைத்தால் கடன்பட்டவர் தப்பித்துக்கொள்வார். ஆகவே பத்து விழுக்காட்டை லயத்துக்குத் திருப்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது கொசுவலைக்கே போகட்டும்.

தோட்டத்துக்கு உங்களிடம் வேண்டியது உங்கள் தொழில். 1980ஆம் ஆண்டின் பணிநீக்க உதவித்தொகை விதிமுறைகளின்படி, தோட்டம் கைமாறி, புதிய முதலாளி வேலையில் வைத்துக்கொள்ளாவிட்டால், ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்தவருக்கு இழப்பீடு உண்டு. சேவை 2 ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளமும், 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குள்ளானால் 15 நாள் சம்பளமும், 5 ஆண்டோ அதற்கு மேலோ ஆனால் 20 நாள் சம்பளமும் சேரும். ஒவ்வொரு குடும்பத்தின் பழைய சம்பளச் சீட்டுகளையும் சேமநிதிக் கணக்கையும் வைத்துக்கொண்டு இத்தொகையைச் சரிபார்த்துக் கொடுக்க, லயத்தில் உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? அந்தத் தொகை வீடாகாது. வீட்டுக்கான பேச்சுவார்த்தையில் வெறுங்கையோடு உட்காராமலிருக்க உதவும்.

உங்கள் ஊர்க்காரரும் அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன், பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதைத் தர்மம் என்பதா, நியாயம் என்பதா? அப்பாவிடம் ஒரு பங்குப் பத்திரம் இருந்தாலும் இருக்கும். அலமாரியைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம் இயக்கத்துக்குக் கோடிகளைக் கொடுத்த சாம் பேங்க்மன்-ஃபிரைட் மோசடிக்காகச் சிறை சென்றாரே, பணக்காரர்களின் கண்துடைப்புத்தானே இது?
– ஆசிரியர், கூலிம்

பதில்: 2022 நவம்பரில் அவருடைய கிரிப்டோ நாணயச் சந்தையான எஃப்டிஎக்ஸ் கவிழ்ந்தது, 2024 மார்ச்சில் அவருக்கு 25 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அதிகம் கொடுப்பதற்காகவே அதிகம் சம்பாதி என்ற அறிவுரையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். பணம் எங்கே போகிறது என்று நுணுகி ஆராய்ந்தவர்கள், எங்கிருந்து வந்தது என்று அதே கவனத்தோடு கேட்கவில்லை என்ற குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் கண்துடைப்பு என்பது மிகை. இச்சிந்தனையிலிருந்து 2020இல் பிறந்த ஓர் அமைப்பு, மலாவியில் விற்கும் பெயிண்டுகளைச் சோதித்து, ஈயம் கலந்திருப்பதைக் காட்டி, அந்நாட்டு அதிகாரிகளை நடவடிக்கை எடுக்க வைத்தது. விதியைச் செயல்பட வைப்பதும் நியாயத்தின் வேலைதான்.

கேள்வி: நானும் பத்து விழுக்காடு கொடுக்க நினைக்கிறேன். தொழிற்சங்கச் சந்தாவை அதில் சேர்க்கலாமா?
– செம்பனை ஆலை ஊழியர், தெலுக் இந்தான்

பதில்: சேர்க்காதீர்கள். சந்தா உங்கள் சம்பளத்துக்காகவும் போராடும் பணம். 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ஆனதற்குப் பின்னால் பலருடைய சந்தா இருக்கிறது. தனிப் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுக் கூட்டத்துக்குப் போய், அந்தப் பணம் எதற்குச் செலவாயிற்று, என்ன கிடைத்தது என்று எழுந்து நின்று கேளுங்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் கொசுவலைக்காரர்களிடமிருந்து கடன் வாங்கலாம்.