குடல் அழற்சிக்கு ஆன்டிபயாடிக் எப்போது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 42. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று மூன்று வருஷமாக மெசலமைன் (குடல் அழற்சியைத் தணிக்கும் மருந்து) சாப்பிடுகிறார். போன மாதம் ரத்தமும் சளியுமாக நாலைந்து தடவை போனது. மருந்துக்கடை அண்ணாச்சி கொடுத்த ஆஃப்லாக்சசின்–ஆர்னிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையில் ஐந்தாம் நாள் நின்றது. இப்போது மறுபடி ஆரம்பித்துவிட்டது. அதையே இன்னொரு கோர்ஸ் கொடுக்கலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கொடுக்காதீர்கள். இந்தத் தடவை வயிற்றைக் கெடுத்ததே அந்த மாத்திரையாகக்கூட இருக்கலாம்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் தொற்றுநோய் அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பெருங்குடலின் உட்தோலைப் புண்ணாக்குகிறது. அதனால் நோய் கிளம்பும்போதெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கமான சிகிச்சையில் இல்லை. பிறகு போன மாதம் ஏன் நின்றது? அன்று வந்தது அமீபா சீதபேதியாக இருந்திருக்கலாம். ஆர்னிடசோல் அமீபாவைக் கொல்லும். இல்லையென்றால் அழற்சி தானே தணிந்திருக்கும். ஏறி இறங்கும் நோய் இது. இறங்குகிற வாரத்தில் எந்த மாத்திரை உள்ளே போனாலும் நல்ல பேர் அதற்குத்தான்.

இப்போது திரும்பியதற்கு மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, அழற்சி அடங்காமலே இருந்தது. இரண்டு, அமீபாவின் உறைக்கூடு (சிஸ்ட்) குடலில் தங்கிவிட்டது. ஆர்னிடசோலுக்குப் பிறகு டைலாக்சனைடு போன்ற மாத்திரையும் கொடுத்தால்தான் அது போகும். மூன்றாவது சி.டிஃபிசில் என்ற கிருமி. ஆன்டிபயாடிக் குடலின் நல்ல கிருமிகளை அழித்ததும் இது பெருகி நஞ்சைக் கக்கும். கொலைட்டிஸ் உள்ளவர்களை இது கூடுதலாகப் பிடிக்கும். பார்வைக்கு நோய் கிளம்பியது போலவே இருக்கும். இதற்கு மருந்து வேறு: வான்கோமைசின் 125 மில்லிகிராம், வாய்வழியாக, தினம் 4 வேளை, 10 நாள். ஊசியாக ரத்தத்தில் ஏற்றும் வான்கோமைசின் குடலுக்குள் போய்ச் சேராது.

ஆகவே எந்த மாத்திரைக்கும் முன்னால் மலப் பரிசோதனை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அமீபா பார்க்க மலம் சூடாக இருக்க வேண்டும். உயிருள்ள அமீபா அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் செத்துப்போகும். காலையில் வீட்டில் டப்பாவில் பிடித்து, பஸ் ஏறி, பாளையங்கோட்டையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ‘இல்லை’ என்றுதான் ரிப்போர்ட் வரும். லேபிலேயே போய்க் கொடுங்கள். ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். சி.டிஃபிசில் நஞ்சுக்கு நேர்மாறு: தாமதமானால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், வெளியில் கிடந்தால் நஞ்சு சிதைந்துவிடும். இளகிய மலம்தான் இந்தச் சோதனைக்கு ஆகும். இரண்டு சோதனைக்கும் தனித்தனி டப்பா கேட்டு வாங்குங்கள். மலத்தில் கால்புரோடெக்டின் (அழற்சியில் கூடும் ஒரு புரதம்) கிராமுக்கு 250 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் குடல் அழற்சி என்று தெரியும். ஆனால் தொற்றிலும், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டாலும் அது ஏறும். அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

தொற்று இல்லையென்று தெரிந்தால் டாக்டர் மெசலமைன் அளவைக் கூட்டுவார், கூடவே ஆசனவாய் வழியாக மெசலமைன் எனிமாவோ சப்போசிட்டரியோ எழுதுவார். கூச்சத்தால் இதை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் மாத்திரை மட்டும் தருவதைவிட நன்றாகக் கேட்கும். ராத்திரி மலம் கழித்த பிறகு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, எனிமாவை மெதுவாகச் செலுத்தி, அரை மணி நேரமாவது அப்படியே கிடக்கச் சொல்லுங்கள். விடியும்வரை தங்கினால் இன்னும் நல்லது. இரண்டு வாரத்தில் ரத்தம் குறையவில்லையென்றால் ஸ்டீராய்டு தேவைப்படலாம்.

ஒரு நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே நாடி 90-க்கு மேல், காய்ச்சல் 100 டிகிரிக்கு மேல், ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழ் — இதில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கே நேராகப் போகலாம். போக்கை நிறுத்த லோப்பரமைடு கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்; பெருங்குடல் ஊதிப் பெருத்து ஓட்டை விழும் அபாயம் உண்டு.

கேள்வி: எனக்கு குரோன்ஸ் நோய் (குடலில் எங்கு வேண்டுமானாலும் வரும் நாள்பட்ட அழற்சி). ஆசனவாய்ப் பக்கம் பவுத்திரம் வந்து சீழ் கட்டியிருக்கிறது. டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசினும் மெட்ரானிடசோலும் எழுதியிருக்கிறார். ஆன்டிபயாடிக் கூடாது என்கிறார்களே, நிறுத்திவிடவா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: நிறுத்தாதீர்கள். சீழ், பவுத்திரம் இருக்கிற இடத்தில் ஆன்டிபயாடிக்குக்கு வேலை உண்டு. ஆனால் கட்டியிருக்கும் சீழை மாத்திரை வற்றவைக்காது. எம்.ஆர்.ஐ. எடுத்து, அறுவை மருத்துவர் சீழை வடித்துவிட வேண்டும். அதற்கு முன்னால் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசியைத் தொடங்கினால் தொற்று பரவும்.

சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடும் தயிரோடும் விழுங்கக் கூடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, வாயு மருந்து (ஆன்டாசிட்) இருந்தால் அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போடுங்கள். இல்லாவிட்டால் மருந்து குடலிலேயே கட்டுண்டு ரத்தத்தில் சேராது. குதிகாலுக்கு மேலே நரம்பு இழுத்த மாதிரி வலித்தால் மாத்திரையை நிறுத்தி டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டும் சேர்ந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தசைநார் அறுந்துபோகக்கூடும். மெட்ரானிடசோலைச் சாப்பாட்டோடு போடுங்கள். செம்புக்காசை வாயில் போட்டது போல ருசி கெடும், அது ஆபத்தில்லை. பாதத்தில் மரத்துப்போவதும் எரிச்சலும் வந்தால் ஆபத்து. வாரக்கணக்கில் சாப்பிடும்போது வருவது இது. மருந்து முடிந்து மூன்று நாள் வரை சாராயம் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் சோதனை) பார்க்காமல் இதைத் தொடங்கவே கூடாது.

கேள்வி: என் மகளுக்குச் சிறுகுடல் முடிவில் புண். காசநோயா குரோன்ஸா என்று பயாப்ஸியில் (திசுப் பரிசோதனை) தெளிவாகவில்லை. காசநோய் மருந்து தொடங்கலாம் என்கிறார்கள். அதுவரை வலிக்கு சிப்ரோஃப்ளாக்சசின் கொடுக்கலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: கூடாது. அந்த வகை மருந்துகள் காசநோய்க் கிருமியைப் பாதி அடக்கும். நோய் மறைந்துகொள்ளும், மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகும். குரோன்ஸ் என்று நம்பி ஸ்டீராய்டு தொடங்குவது அதைவிட மோசம், காசநோயாக இருந்தால் உடம்பெல்லாம் பரவும். டாக்டர்கள் சொல்வது நம் நாட்டில் வழக்கமான வழிதான். காசநோய் மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், 6 மாதம். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பாருங்கள். வலி குறைந்தது, எடை ஏறியது என்பதை நம்பி விடாதீர்கள். குரோன்ஸிலும் சில பேருக்கு அப்படி ஆகும். புண் ஆறினால்தான் காசநோய்.

கேள்வி: ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது மோர் குடித்தால் குடலுக்குப் பாதுகாப்பா?
– வாசகி, வள்ளியூர்

பதில்: குடியுங்கள், சிப்ரோஃப்ளாக்சசின் போடும் வேளையை விட்டு. மோரால் நோய் அடங்கும் என்று நினைக்க வேண்டாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் கடையில் விற்கும் புரோபயாட்டிக் (நல்ல கிருமி) கேப்ஸ்யூலை டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.