ரயிலும் கட்டுச்சோறுமாகத் திரிந்த என் அத்தை

"உங்கள் குடும்பத்தில் துணிச்சலான பெண் என்றதும் யார் நினைவுக்கு வருகிறார்?" என்ற கேள்விக்கு நான் யோசிக்கவே வேண்டியதில்லை. தென்காசியில் இருந்த என் அப்பாவின் அக்காதான்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலை. மாமா சின்ன வயதிலேயே தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அப்படிப்பட்ட பெண் தெருமுனை தாண்டினாலே ஊர் வாய் சும்மா இருக்காது. அத்தையோ மே மாத லீவு விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விடுவாள்.

ஆரம்பத்தில் எல்லாம் பக்கத்து ஊர்கள்தான். செங்கோட்டையிலிருந்து மலையேறிப் புனலூர் போகும் மீட்டர் கேஜ் வண்டி அவளுக்கு உயிர். ஆரியங்காவுக் குகை இருட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் கூச்சல் போடுவாள். கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலம் வந்தால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுவாள். கொல்லத்தில் இறங்கிச் சாப்பிட்ட புட்டும் கடலைக் கறியும் அடுத்த வாரமே எங்கள் வீட்டு அடுப்பில் வேகும்.

அப்புறம் ஒரு நாள், கன்னியாகுமரியிலிருந்து அப்போது ஜம்மு வரை ஓடிய ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். வண்டியிலேயே மூன்று ராத்திரி. "தனியாவா போறே?" என்று அப்பா கத்தினார். "ஏல, ஒரு வண்டி நிறைய ஆளு இருக்கு. தனியாவாம்ல!" என்று சிரித்துக்கொண்டே புளிக்காய்ச்சலைக் கிளறினாள்.

அவள் தைரியத்தில் பாதி அந்தத் தூக்குச்சட்டியில் இருந்தது என்பேன். முதல் ராத்திரிக்குத் தயிர்ச்சோறு. சோற்றைக் குழைய வடித்து, சூட்டோடு பால் ஊற்றி மசித்து, ஆறியபின் ஒரே ஒரு கரண்டி தயிர் விடுவாள். மத்தியானம் கட்டினால் ராத்திரிக்குப் புளிக்காமல் பதமாக உறைந்திருக்கும். மறுநாளுக்கு வாட்டிய வாழையிலையில், நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி. அதற்கப்புறம் புளிச்சோறு. கெட்டுப்போகும் என்று தேங்காயைத் தொடவே மாட்டாள்.

எதிர் சீட்டுக்காரர்களுக்குக் கொடுக்காமல் அவள் சாப்பிட்டதே இல்லை. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. இலையில் இட்லியை வைத்து நீட்டுவாள், அவ்வளவுதான். அதன்பிறகு பெட்டியே அவளுக்குக் காவல். அந்தப் பயணத்தில் ஒரு பஞ்சாபி அம்மா கொடுத்த மாங்காய் ஊறுகாயில் மயங்கி, ஒரு டின் கடுகெண்ணெய் வாங்கி வந்தாள். அந்த வாடைக்கு எங்கள் வீட்டில் ஒருத்தரும் வாய் வைக்கவில்லை. அவளே தின்று தீர்த்தாள்.

செங்கோட்டை–புனலூர் பாதையை 2010இல் மூடியபோது, செத்த வீட்டுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். 2018இல் அகலப்பாதையாகத் திறந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "பாலம் அதேதான் மருமவனே, வண்டிதான் ரொம்ப ஒழுங்காப் போவுது" என்று குறைபட்டுவிட்டு, சட்டியைத் திறந்து எதிரில் இருந்த கல்லூரிப் பையன்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.