தப்பு பிந்தவில்லை, லெப்டொப் பிந்துகிறது

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். லயக் காம்பராவின் ஒரு மூலையில் கம்பளியைக் கட்டித் தொங்கவிட்டு, பழைய லெப்டொப், இரண்டு மைக்கைச் செருகிக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி, ரீப்பர் மென்பொருள் ஆகியவற்றை வைத்துப் பாட்டுப் பதிகிறார். அவர் கேட்பது இது: “பாடும்போது என் குரல் ஹெட்செட்டில் கொஞ்சம் பிந்திக் கேட்கிறது. பஃபரை 512இலிருந்து 64க்கு இறக்கினால் படபடவென்று வெடிக்கிறது. மாமா அடிக்கும் தப்பு மேளத்தைப் பதிந்து கேட்டால் தாளத்துக்குப் பின்னால் விழுகிறது. அவர் சரியாகத்தான் அடிக்கிறார். புது லெப்டொப் வாங்கத்தான் வேண்டுமா அண்ணா?”

வேண்டாம் தம்பி, காசை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரே வியாதி என்று நினைப்பது இரண்டு வியாதி. பாடும்போது காதில் பிந்திக் கேட்பது ஒன்று. பதிந்தது தாளத்தில் தவறான இடத்தில் போய் உட்காருவது இன்னொன்று. மருந்தும் வேறு வேறு.

முதலில் பஃபர். கொழுந்தைக் கூடை நிரம்பிய பிறகுதானே நிறுக்கக் கொண்டுபோகிறோம்? கணினியும் ஒலியைக் கூடை கூடையாகத்தான் வாங்குகிறது, அந்தக் கூடைதான் பஃபர். ஒலியைச் செக்கனுக்கு 44,100 துண்டாக, அதாவது சாம்பிளாக, அளக்கும்போது கூடைக்கு 512 சாம்பிள் என்றால் அது நிரம்ப ஏறக்குறைய 11.6 மில்லிசெக்கன். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, ஆக 23. இன்டர்ஃபேஸும், அதைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளும் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் 30ஐத் தொடலாம். ஒலி ஒரு மில்லிசெக்கனில் 34 சென்ரிமீற்றர் போகும். அப்படியானால் நீங்கள் 10 மீற்றர் தள்ளி நிற்கும் இன்னொருவர் உங்கள் குரலில் பாடுவதைக் கேட்பது போலத்தான். எலும்பு வழியாக உங்கள் சொந்தக் குரல் பாடும் கணத்திலேயே காதுக்கு வந்துவிடுவதால், பாடகருக்குத்தான் இந்த இடைவெளி அதிகம் உறுத்தும்.

64க்கு இறக்கினால் கூடை சின்னதாகிவிடுகிறது, நடை கூடிவிடுகிறது. ஒன்றரை மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும். பழைய லெப்டொப் ஒரு கூடையைத் தவறவிட்டாலே ‘பட்’ என்று வெடிக்கும்.

ஆகவே கணினியோடு மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் இன்டர்ஃபேஸின் முகப்பில் ‘டிரெக்ட் மொனிட்டர்’ என்று ஒரு சுவிட்சோ குமிழோ இருக்கும், பாருங்கள். அதைப் போட்டால் மைக்கின் ஒலி கணினிக்குள் போகாமல் நேராக ஹெட்செட்டுக்கு வந்துவிடும். தாமதம் இருந்தாலும் காதுக்குத் தெரியாது. ரீப்பரில் அந்த ட்ராக்கின் மொனிட்டரிங்கை அணைத்துவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டு தடவை கேட்கும். குரல் வறட்சியாக இருக்கிறது, எதிரொலி இல்லாமல் பாட வரவில்லை என்பீர்கள். சரி, மொனிட்டரிங்கைத் திரும்பப் போட்டு, அந்த ட்ராக்கின் நேர்க்குரல் வெளியே வராதபடி அடைத்து, ரிவெர்ப் என்ற எதிரொலியை மட்டும் நூறு வீதம் ‘வெட்’ ஆக, அதாவது நேர்க்குரல் கலக்காமல், வரவிடுங்கள். ரிவெர்ப் 20 மில்லிசெக்கன் பிந்தி வந்தால் நட்டமில்லை, பெரிய மண்டபத்தில் பாடுவது போல அழகாகத்தான் இருக்கும்.

இடையில் ஒன்று. ஹெட்செட் புளூடூத் என்றால் இதுவரை சொன்னது எல்லாம் வீண். அதிலேயே 100 மில்லிசெக்கனுக்கு மேல் போய்விடும், பலவற்றில் 200ஐயும் தாண்டும். வயர் உள்ளதைச் செருகுங்கள். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் செய்த கம்பனியே தரும் ஏசியோ டிரைவரை, அதாவது தாமதத்தைக் குறைக்கும் ஒலி டிரைவரை, போடுங்கள். அது கிடைக்காவிட்டால்தான் பொதுவான ஏசியோ4ஆல். லெப்டொப்பை பேட்டரியில் ஓடவிட்டுப் பதியாதீர்கள், வைஃபையை அணையுங்கள். எல்லா ட்ராக்கும் சேரும் மாஸ்டரில், ஒலி உச்சத்தை அடக்கும் லிமிட்டர் போன்ற பாரமான ப்ளக்-இன் கிடந்தால் பதிந்து முடியும்வரை கழற்றி வையுங்கள், அவற்றில் சில தம் பங்குக்கும் தாமதத்தைக் கூட்டும்.

இனி மாமாவின் தப்பு. இதில் எனக்கே ஒரு பழைய கடன் இருக்கிறது. ஒரு மாசி மாதம் காமன் கூத்துக்கு அடிக்கிற பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து பதிந்தேன். கேட்டால் எல்லாம் பின்னால் விழுகிறது. “ஐயா, கொஞ்சம் முந்தி அடியுங்க” என்று ஏழெட்டுத் தடவை அடிக்கவைத்தேன். நம்முடைய குளிரில் தோல் தொய்ந்துபோகும் அல்லவா, ஒவ்வொரு தடவையும் வெளியே நெருப்பு மூட்டிக் காய்ச்சிக் காய்ச்சிக் கொண்டுவந்தார், பாவம். தப்பு தப்பில் இல்லை, அவரிலும் இல்லை, இன்டர்ஃபேஸின் கணக்கில் இருந்தது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. லயத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு நான் லயம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

நடப்பது இதுதான். பதிந்த ஒலி எவ்வளவு பிந்தி வந்தது என்று டிரைவர் மென்பொருளுக்குச் சொல்கிறது, மென்பொருள் அந்த அளவுக்கு அதை முன்னே இழுத்து வைக்கிறது. டிரைவர் சொல்லும் கணக்கு எப்போதும் சரியாக இருப்பதில்லை. அளந்து பார்ப்பதுதான் வழி.

ஹெட்செட்டைக் காதிலிருந்து கழற்றுங்கள், ஸ்பீக்கரை அணையுங்கள். டிரெக்ட் மொனிட்டரையும் ட்ராக் மொனிட்டரிங்கையும் கட்டாயம் அணையுங்கள், அணைக்காவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும். இன்டர்ஃபேஸின் முதல் அவுட்புட்டிலிருந்து முதல் இன்புட்டுக்கு ஒரு கேபிள் செருகுங்கள். ஒரு ட்ராக்கில் ‘டிக்’ என்ற கூர்மையான சத்தம் ஒன்றை வைத்து ஓடவிட்டு, இன்னொரு ட்ராக்கில் அதையே பதியுங்கள். பிறகு இரண்டையும் அலை தனித்தனிக் கோடாகத் தெரியும்வரை பெரிதாக்கிப் பாருங்கள். பதிந்தது 212 சாம்பிள் பின்னால் கிடக்கிறது என்று வைப்போம், அது 4.8 மில்லிசெக்கன். ரீப்பரின் ப்ரிஃபரன்ஸில், ரெக்கோர்டிங் பக்கத்தில், கையால் ஓஃப்செட், அதாவது நகர்த்தும் அளவு, போடும் பெட்டிகள் இருக்கின்றன. அந்த எண்ணை அங்கே போட்டுத் திரும்பப் பதியுங்கள். இடைவெளி குறைவதற்குப் பதிலாகக் கூடினால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று நிற்கும்வரை விடாதீர்கள். பஃபர், சாம்பிள் ரேட், டிரைவர் இவற்றில் எதையாவது மாற்றினால் இன்னொரு தடவை அளக்க வேண்டும். ஆகவே 256இலோ 512இலோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள்.

ஏற்கனவே பதிந்து வைத்த பாட்டுகளை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். தப்பை அதே பஃபரில், அதே சாம்பிள் ரேட்டில், அதே டிரைவரில் பதிந்திருந்தால், கிடைத்த அளவுக்கு ட்ராக் முழுவதையும் முன்னே நகர்த்தினால் போதும். அடி அடியாகக் கண்ணால் பார்த்து இழுக்காதீர்கள், மாமாவின் கையில் உள்ள ஆட்டம் செத்துவிடும். உங்கள் குரல் அப்படியல்ல. பிந்திக் கேட்ட குரலோடு போராடி நீங்கள் ஓரிடத்தில் முந்தியிருப்பீர்கள், ஓரிடத்தில் இழுத்திருப்பீர்கள். அதை எந்த எண்ணாலும் நிமிர்த்த முடியாது. தகரத்தில் மழை விழாத ஒரு நாளாகப் பார்த்து, டிரெக்ட் மொனிட்டரைப் போட்டுத் திரும்பப் பாடிவிடுங்கள்.