பட்டறைப் பதில்கள்: ஏழு வருஷம் நின்ற ஸ்ப்ளெண்டர்

கேள்வி: ஐயா, எங்கள் தெருவில் ஒரு வீட்டில் 2006 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ் ஏழு வருஷத்துக்கு மேலாகத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. ஓட்டியவர் இறந்துவிட்டார். அவர் மனைவி 8,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். கல்லூரிக்குப் போய்வர எனக்கு ஒரு வண்டி வேண்டும். அப்பாவோ, பழைய இரும்புக்குப் பணம் கொடுக்காதே என்கிறார். வாங்கலாமா? வாங்கினால் வேலையை எங்கிருந்து தொடங்குவது?
- கல்லூரி மாணவர், திருவாரூர்

பதில்: வாங்கலாம் தம்பி. ஆனால் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஆர்சி புக்கைக் கையில் வாங்குங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான் செல்லும். 2006 வண்டிக்கு அது 2021-லேயே முடிந்திருக்கும். எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சோதனை காட்டிப் புதுப்பித்தால் ஐந்து வருஷம் கிடைக்கும். அதைவிடப் பெரிய விஷயம், உரிமையாளர் உயிரோடு இல்லை. அந்த அம்மா கையெழுத்துப் போட்டு நேராக உங்களுக்கு மாற்றிவிட முடியாது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வைத்து, படிவம் 31 மூலம் முதலில் அவர் பெயருக்கு வர வேண்டும். அப்புறம் படிவம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு. புதுப்பிப்பதை முதலில் செய்வதா, பெயர் மாற்றத்தையா என்று உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு தடவை நேரில் கேட்டுவிடுங்கள். வண்டி லோனில் வாங்கியதாக இருந்தால் ஆர்சியில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்கும். அதை நீக்க அவர்களிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் (என்ஓசி) படிவம் 35-ம் வேண்டும். அபராதம் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள்.

இதெல்லாம் முடியும்வரை முன்பணம் மட்டும் கொடுங்கள். விலையில் பேரம் பேச வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 8,000 நியாயமான விலை. வீட்டுக்காரர் போன பிறகு அந்த அம்மா அந்த வண்டியைத் தினமும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். தாலுகா ஆபீஸ், இ-சேவை மையம் என்று அலைவதில் நீங்கள் அவருக்குத் துணையாக இருங்கள்.

சரி, வண்டிக்கு வருவோம். உங்கள் ஊர் 2018 நவம்பரில் கஜா புயலைப் பார்த்த ஊர். அதனால் முதலில் தண்ணீர் ஏறிய வண்டியா என்று பாருங்கள். ஹெட்லைட்டைக் கழற்றினால் உள்ளே வண்டல் படிந்திருக்கும். சீட்டுக்கு அடியில் வயரிங் சாக்கெட்டுகளில் பச்சை பூத்திருக்கும். எஞ்சின் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஆயில் கறுப்பாக, கெட்டியாக இருந்தால் பயமில்லை. ஹேண்டில் கழுத்தில் அடித்திருக்கும் சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

யாராவது நண்பர் வந்து ‘ஒரு கிக் அடிச்சுப் பாக்கலாம்டா’ என்பார். விடாதீர்கள். இத்தனை வருஷத்தில் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலம் வழிந்து இறங்கியிருக்கும். பிஸ்டன் ரிங்குகள் லேசாகத் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் கிக்கரை மிதித்தால் சிலிண்டரில் கீறல் விழும், அப்புறம் சிலிண்டரைக் கடைய (போர் பண்ண) லேத்துக்குத்தான் போக வேண்டும். பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக ஒன்றிரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் சென்டர் ஸ்டாண்டில் டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். பிஸ்டன் இறங்கி ஏறுவது கைக்குத் தெரியும். அசையவில்லையென்றால் மறுபடி ஆயில், மறுபடி ஒரு நாள். சுத்தியல், நீளக் கம்பி எதுவும் வேண்டாம்.

எஞ்சின் சுற்றியதும் பழைய ஆயிலை இறக்குங்கள். இந்த வண்டியில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. வலது பக்கக் கிளட்ச் கவருக்குள் சுழலும் ஒரு கிண்ணமும் ஒரு சல்லடையும்தான் கசடைப் பிடிக்கின்றன. வெறும் ஆயில் மாற்றிவிட்டுப் போகிறவர்கள் அதைத் திறப்பதே இல்லை. நீங்கள் திறக்கச் சொல்லுங்கள், கிண்ணத்தின் சுவரில் களி மாதிரி அப்பியிருப்பதைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். கவரைத் திறந்த கையோடு கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரித்துப் போட்டுவிடலாம். 10டபிள்யூ30 ஆயில் ஒரு லிட்டர் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சுவதில் சிறிதளவை மேலே டேப்பெட் மூடிகளைத் திறந்து, வால்வுகளை இயக்கும் கேம் மேல் விடுங்கள். முதல் தடவை ஓடும்போது ஆயில் அங்கே ஏறிவரக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை கேம் காய்ந்து ஓடக்கூடாது.

நின்ற வண்டியில் பெரும்பாலும் எஞ்சின் கெடுவதில்லை, பெட்ரோல்தான் கெடுகிறது. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை போய் வார்னிஷ் வாசனை வரும். அதைத் திறந்த வெளியில், நெருப்பு, பீடி எதுவும் பக்கத்தில் இல்லாமல் கேனில் இறக்குங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள். டேங்குக்குள் துரு இருந்தால் பெட்ரோல் டேப்பைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, மளிகைக் கடை வெள்ளை வினிகரை நிறைய ஊற்றி ஒரு நாள் வையுங்கள். ஒரு பிடி சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் துரு உதிரும். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே வெயிலில் முழுக்கக் காயவைத்து, கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோலை விட்டுச் சுற்றிலும் படும்படி ஆட்டுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுநாளே மறுபடி துரு. டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளி ஓட்டை உண்டு. அதில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். அதைக் கவனிக்காமல் வண்டி கொஞ்ச தூரம் ஓடி நிற்கிறது, கொஞ்ச தூரம் ஓடி நிற்கிறது என்று கார்ப்பரேட்டரைத் திரும்பத் திரும்பப் பிரிப்பவர்கள் நிறையப் பேர். சைலன்சர் வாயையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் பாருங்கள். எலிக்கு இரண்டும் பிடித்த இடம்.

கார்ப்பரேட்டரில், ஆக்சிலரேட்டர் தராதபோது பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துவாரம் மயிரிழை அளவுதான். காய்ந்த பெட்ரோல் பிசின் அதை முதலில் அடைக்கும். ஊசியாலோ கம்பியாலோ குத்தாதீர்கள். துவாரம் ஒரு பொட்டு அகன்றாலும் ஐடிலிங் பிறகு சரியாக நிற்காது. கிளீனர் ஸ்பிரே அடித்து, பஞ்சர் கடைக் கம்பிரசர் காற்றால் ஊதினால் போதும். ரப்பர் வாஷர், ஓ-ரிங், பெட்ரோல் டியூப் எல்லாம் புதிது போடுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் அதற்குத் தாங்காது, ஊறி இளகிவிடும்.

பிளக் புதிது, பேட்டரி புதிது. கிக் அடியுங்கள், பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அப்படியே ரோட்டில் ஒரு ரவுண்டு போகத் தோன்றும். தம்பி, இதைத்தான் நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: பிரேக்கும் டயரும் சரியாகாமல் வாசலைத் தாண்டாதீர்கள். டயர் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. டயரின் பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று கடைக்காரரே சொன்னாலும் கேட்காதீர்கள். ரப்பர் உள்ளுக்குள் இறுகி வெடித்திருக்கும், மழையில் பிடிக்காது. இரண்டு டயர், இரண்டு டியூப் புதிது போட்டே ஆக வேண்டும். பிரேக் டிரம்மைத் திறந்து ஷூவைப் பாருங்கள். நாள்பட்டுப்போனால் லைனிங் பசை விட்டு ஷூவிலிருந்து பெயர்ந்துவிடும். ஓடும்போது அது டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஷூ இரண்டு செட்டும் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள், நுரையீரலுக்கு ஆகாத தூசி அது. பிரேக் கேபிள், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் மூன்றும் புதிது. செயின் துரு ஏறி முறுக்கிக்கொண்டு நின்றால் செயின் செட்டையும் மாற்ற வேண்டும்.

இவ்வளவுக்கும் வண்டி விலைக்கு மேலேயே இன்னொரு மடங்கு ஆகும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். பெயிண்ட், ஸ்டிக்கர், புது சீட் எதுவும் இப்போது வேண்டாம். ஆர்டிஓவுக்குக் காட்ட வண்டியை ஓட்டிப் போகாமல், ஒரு மினி வேனில் ஏற்றிப் போங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அது போகட்டும். யாருக்காவது அடிபட்டால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் குடும்பத்தின் தலையில் விழும். உங்கள் அப்பாவின் பயம் அதுவாகத்தான் இருக்கும். இந்தக் கணக்கை எல்லாம் எழுதி அவரிடம் காட்டுங்கள், சம்மதிப்பார்.

கேள்வி: நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று வருகிறது. ஸ்டார்ட் ஆகிறது. எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று நம்பி வாங்கலாமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: ஸ்டார்ட் ஆவதை மட்டும் வைத்து வாங்காதீர்கள். அது டூ ஸ்ட்ரோக். கிராங்க்கின் இரு பக்கமும் இருக்கும் ஆயில் சீல்கள் நின்று நின்று காய்ந்திருக்கும். அந்த வழியாகக் காற்றை இழுத்தால், ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இரைந்துகொண்டே இருக்கும். கலவையில் பெட்ரோல் குறைந்து சூடேறிப் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துவிடும். சீல் மாற்றும்வரை ஓட்ட வேண்டாம். 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி, கிராக்கி அதிகம். அதனால் ஒரு வண்டியின் ஆர்சியும் இன்னொரு வண்டியின் சேஸும் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சேஸ் நம்பரைச் சுற்றிப் புது பெயிண்ட், அரம் வைத்து ராவிய தடம் ஏதாவது தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: ஐயா, என் கணவர் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் மஸ்கட் போகிறார். அவருடைய கார்ப்பரேட்டர் வண்டி வீட்டில் நிற்கப் போகிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா?
- வாசகி, பெரம்பலூர்

பதில்: போதாதும்மா, நல்லதும் இல்லை. ஐந்து நிமிஷம் ஓடி அணைத்தால் எஞ்சின் முழுச்சூடு ஏறாது. எரியும்போது உண்டாகும் ஈரம் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். ஒரேயடியாகத் தூங்கவைப்பதே மேல். அவர் கிளம்புவதற்கு முன் புது ஆயில் மாற்றச் சொல்லுங்கள். கறுத்த ஆயிலோடு நிறுத்தினால் அதிலுள்ள அமிலம் பேரிங்குகளை அரிக்கும். டேங்கையும் கார்ப்பரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்து, டேங்குக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஆட்டட்டும். பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில். பேட்டரியைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இரண்டு வருஷம் சும்மா இருந்தால் எப்படியும் வீணாகிவிடும். சென்டர் ஸ்டாண்டில், டயரில் காற்று நிரப்பி நிறுத்துங்கள். பழைய பருத்திப் புடவை போட்டு மூடுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வியர்த்துத் துரு ஏறும். சைலன்சர் வாயில் ஒரு துணிச்சுருளை அடைத்து, அடைத்ததை ஒரு சீட்டில் எழுதி ஹேண்டிலில் கட்டிவிடுங்கள்.

கேள்வி: பல வருஷம் நின்ற வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: கூடாது. கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டியிருந்தால் கிளட்சைப் பிடித்தாலும் விடுபடாது. வண்டி பிடித்துக்கொண்ட நொடியில் உங்களையும் இழுத்துக்கொண்டு ஓடும், நிறுத்த நல்ல பிரேக்கும் இருக்காது. முதல் பதிலில் சொன்ன வேலைகளை எல்லாம் முடித்த பிறகு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் கிக் அடியுங்கள்.