லாபம் ஏட்டில், சம்பளம் கைமாற்றில்

40 படுக்கை உள்ள மருத்துவமனை ஒன்றின் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன்தான் அங்கே தலைமை மருத்துவர். வார்டு நிரம்பி வழிகிறது, ஆடிட்டரும் இந்த ஆண்டு லாபம் என்றே சொல்லிவிட்டார். ஆனால் மாதக் கடைசியில் சம்பளத்துக்குக் கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் ஒருவர் வந்து, "காப்பீட்டு நிறுவனங்களில் நிற்கும் பில்களை என்னிடம் கொடுங்கள், 80 சதவீதம் உடனே தருகிறேன், மாதம் 3 சதவீதம்தான் கட்டணம்" என்கிறாராம். கொடுக்கலாமா? லாபம் வரும் இடத்தில் பணம் எங்கேதான் போகிறது?

இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் பணம் போன வழியைப் பார்ப்போம்.

ஆடிட்டர் பொய் சொல்லவில்லை. நோயாளி வீட்டுக்குப் போன அன்றே அந்த பில் ஏட்டில் வருமானமாக ஏறிவிடுகிறது. பணம் வருவது மூன்று மாதம் கழித்தாக இருக்கலாம், குறைத்துக்கூட வரலாம். நோயை வகைப்படுத்தி, வகைக்கு ஒரு தொகை என்ற முறையை அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1983இல் கொண்டுவந்தது. இன்று பல நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் அதே கதைதான். நீங்கள் உங்கள் விலைப்பட்டியல்படி 100 என்று எழுதி வைத்திருப்பீர்கள். காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டது 80ஆக இருக்கும். அந்த 20 எப்போதும் வரப்போவதில்லை. அதை லாபத்தில் சேர்த்து வைத்திருக்கிறீர்களா என்று ஆடிட்டரைக் கேளுங்கள்.

அப்புறம் கடன். ஸ்கேன் மெஷினை 5 ஆண்டுக் கடனில் வாங்கி, ஏட்டில் 10 ஆண்டுக்குத் தேய்மானம் போட்டால், ஆண்டுச் செலவாக ஏறுவது விலையில் பத்தில் ஒரு பங்கு. வங்கி எடுத்துக்கொள்ளும் அசலோ ஐந்தில் ஒரு பங்கு. வட்டி செலவுக் கணக்கில் தெரியும், அசல் தெரியாது. வித்தியாசம் முழுக்க உங்கள் சம்பளப் பணம்தான்.

இவை இரண்டையும் விட எனக்குச் சந்தேகம் நிலுவையில்தான். காப்பீட்டு நிறுவனங்கள் தர வேண்டிய மொத்தத்தை, ஒரு நாளைக்குச் சராசரியாக அவர்களுக்குப் போடும் பில் தொகையால் வகுத்துப் பாருங்கள். 90 என்று வந்தால், மூன்று மாத உழைப்பு அவர்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, நிலுவையை 30 நாள், 60 நாள், 90 நாள், அதற்கு மேல் என்று பிரியுங்கள். நாட்களை எண்ண வேண்டியது கிளெய்ம் அனுப்பிய தேதியிலிருந்து அல்ல, நோயாளி டிஸ்சார்ஜ் ஆன தேதியிலிருந்து. இதில் ஏமாறாத மருத்துவமனையை நான் அதிகம் பார்த்ததில்லை. "அவர்கள் தாமதிக்கிறார்கள்" என்று திட்டிக்கொண்டிருப்பார்கள்; எடுத்துப் பார்த்தால் கோப்பு நம் மேஜையிலேயே 18 நாள் படுத்திருக்கும்.

ஒரு இடத்தில் மூட்டு மாற்று சிகிச்சை கிளெய்ம் ஒன்று நான்கு மாதமாக நின்றது. காரணம், பொருத்திய மூட்டின் பெட்டியோடு வரும் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் இல்லை. தியேட்டர் பதிவேட்டைப் புரட்டினேன். அன்றைய பக்கத்தில் அத்தனை பிரதிகளும் வரிசையாக ஒட்டியிருந்தன! ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்ட வேண்டும் என்று அந்த நர்ஸுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்ன பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. முன் அனுமதி எண் இல்லாதது, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு நோய், பில்லில் வேறு நோய் என்று இருப்பது, டாக்டர் கையெழுத்து விட்டுப்போவது எல்லாம் இதே ரகம். கடைசி மூன்று மாதத்தில் திரும்பி வந்தவற்றை எடுத்து, காரணத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே நான்கைந்து காரணங்கள்தான் சுற்றிச் சுற்றி வரும்.

காப்பீட்டு நிறுவனங்கள் பக்கம் குற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரே கடிதத்தில் கேட்க வேண்டிய நான்கு விளக்கத்தை நான்கு தடவையாகக் கேட்பார்கள், ஒவ்வொரு தடவையும் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். யாருடைய பணத்தை யார் வைத்துக்கொண்டு இந்த விளையாட்டு? சரி, அதை நீங்களும் நானும் மாற்ற முடியாது. முதல் கேள்விக்கே இடம் கொடுக்காத கோப்பை அனுப்புவது மட்டும் நம் கையில் இருக்கிறது.

இனி அந்த மனிதர். மாதம் 3 சதவீதம் என்பது பில் தொகைக்கு. 100க்கு உங்கள் கைக்கு வருவது 80. பணம் மூன்று மாதத்தில் வந்தால் கட்டணம் 9. 80ஐ மூன்று மாதம் வைத்திருக்க 9 என்றால் ஆண்டுக்கு 45 சதவீதம் வட்டி. காப்பீட்டு நிறுவனம் 10ஐ வெட்டி 90 மட்டும் கொடுத்தால், அவர் பிடித்து வைத்த 20இல் 10 அதற்குப் போகும், 9 கட்டணத்துக்குப் போகும், உங்களுக்குத் திரும்புவது 1. கிளெய்ம் முழுதாக நிராகரிக்கப்பட்டால்? ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் 80ஐயும் கட்டணத்தையும் நீங்களே திருப்பித் தர வேண்டும் என்றுதான் இருக்கும். அப்படியானால் அவர் பில்லை வாங்கவில்லை, பில்லை அடகு பிடித்துக் கடன் கொடுக்கிறார். போதாததற்கு, அந்த பில்களில் நோயாளியின் பெயரும் நோயும் இருக்கின்றன. அதை யாரோ ஒருவரிடம் தூக்கிக் கொடுக்க நோயாளி உங்களுக்குச் சம்மதம் தரவில்லை.

இவருக்குப் பின்னாலேயே இன்னொருவர் வருவார்: "கிளெய்ம் வேலையை நாங்கள் பார்க்கிறோம், வசூலாவதில் சதவீதம் கொடுத்தால் போதும்." வேண்டவே வேண்டாம். வசூல் கூடினால் அவர் பங்கும் கூடும், அதனால் சாதாரண நிமோனியாவைச் சிக்கலான நிமோனியாவாக எழுதிப் பார்க்க அவருக்குக் கை அரிக்கும். பிடிபடும் நாளில் அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது, இருப்பது உங்கள் அண்ணன் கையெழுத்து. வெற்று லெட்டர்ஹெட்டில் கையெழுத்துக் கேட்டால் வாசலைக் காட்டுங்கள்.

ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்லியாக வேண்டும். நீங்கள் அண்மையில் வார்டை விரிவாக்கியிருந்தால் மேலே சொன்ன நாள் கணக்கு உங்களைப் பயமுறுத்தும். பத்து மாதம் தினமும் 100 பில், கடைசி இரண்டு மாதம் தினமும் 200 என்று வையுங்கள். பணம் சரியாக 60 நாளில் வருகிறது. நிலுவை 60 நாளுக்கு 12,000. ஆண்டுச் சராசரி நாளுக்கு ஏறக்குறைய 117. வகுத்தால் 103 நாள்! யாரும் தாமதிக்கவில்லை, சராசரிதான் பழசு. கடைசி மூன்று மாதச் சராசரி 167. அந்த 167ஆல் வகுத்தால் 72, உண்மைக்குக் கிட்டே வந்துவிடும். கடைசி இரண்டு மாதத்தை மட்டும் எடுத்தால் 60. இப்படி வளரும் இடத்தில் சம்பளத்தட்டுப்பாடு நிர்வாகக் கோளாறு அல்ல. மருந்தும் ஆளும் இன்றைக்கே கூடிவிடுகிறது, பணம் இரண்டு மாதம் பின்னால் வருகிறது. இதற்குக் கடன் வாங்குவதில் தப்பே இல்லை. நடைமுறை மூலதனக் கடனாக வங்கியில் வாங்குங்கள். அந்த 45 சதவீதத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

வங்கிக்கு லாப நட்டக் கணக்கை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். 30, 60, 90 என்று பிரித்த அந்த நிலுவைப் பட்டியலும் கையில் இருக்கட்டும். 90 நாளைத் தாண்டிய பில்லை வங்கி பெரும்பாலும் ஈடாகக் கணக்கில் எடுக்காது, அதனால் அவற்றைத் தனித்தாளில் எழுதி, எதற்காக நிற்கிறது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு போங்கள்.