ஃப்ரிட்ஜுக்கு எதற்குத் திருக்குறள்?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் நியூ ஜெர்சி எடிசனில் பதினோரு வருடமாக இருக்கிறேன். மென்பொருள் வேலை. ராத்திரியில் சென்னை அலுவலகத்தோடு பேச வேண்டியிருப்பதால் வாசிப்பு குறைந்துவிட்டது. இருந்தாலும் நீங்கள் எழுதுவதைத் தவறவிடுவதில்லை.

போன மாதம் மன்ஹாட்டனில் நடந்த ஒரு கேலா விருந்துக்கு எங்கள் கம்பெனி ஒரு மேஜை எடுத்திருந்தது. வசதியில்லாத பிள்ளைகளுக்கு நாடகக் கலைஞர்கள் கூடவே இருந்து கற்றுத்தரும் ஓர் அமைப்புக்காக நிதி திரட்டும் விழா. ஒரு சீட்டு 750 டாலர். கோட்டு, சூட்டு, சால்மன் மீன், ஒயின், ஏலம் எல்லாம் இருந்தது. கடைசியில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் மேடையேறி, நாடகம் தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்று நன்றி சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ரயிலில் வீடு திரும்பும்போது ஓர் உறுத்தல். விருந்துக்குச் செலவான பணத்தை நேராகப் பிள்ளைகளுக்கே கொடுத்திருக்கலாமே? இது போலித்தனம் இல்லையா? அடுத்த வருடம் சொந்தக் காசில் சீட்டு வாங்கலாமா, வேண்டாமா?

இன்னொன்று. எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்காக என் ஒன்பது வயது மகள் தானாகவே ஒரு நாடகம் எழுதினாள். மிக்ஸியும் ஃப்ரிட்ஜும் சண்டை போடுகிற கதை. நிறையப் பிழைகள். உதாரணமாக, ஃப்ரிட்ஜ் சொல்கிறது: "நான் தூங்கினா பால் கெட்டுப்போகும். நான் முழிச்சிட்டு இருக்கேன்னு யாருக்கும் தெரியாது. கதவ தொறந்தா மட்டும் லைட் போட்டுக்குவேன்." இதை நான், "நான் உறங்கினால் பால் கெட்டுவிடும். என் தியாகத்தை எவரும் அறியார்" என்று திருத்தி, முடிவில் இனியவைகூறல் அதிகாரத்திலிருந்து ஒரு குறளும் சேர்த்தேன். இப்போது நடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை.

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை.

சால்மன் மீன் சாப்பிட்டதற்கெல்லாம் இவ்வளவு வருத்தப்படாதீர்கள். காசுள்ளவனை நாலு பேர் முன்னால் உட்கார வைத்து, சோறு போட்டு, பக்கத்து இலைக்காரன் எவ்வளவு தருகிறான் என்று காதில் விழும்படி செய்வது உலகம் முழுக்க உள்ள வழிதான். மதுரைப் பக்கம் கல்யாணத்தில் மொய்ப்பணத்தை மைக்கில் வாசிப்பது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பெரிய அறக்கட்டளைகள் தரும் பணம் பெரும்பாலும் இன்ன திட்டத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வரும். வாடகைக்கும் கரண்டு பில்லுக்கும் இன்சூரன்ஸுக்கும் கொடுக்க யாருக்கும் மனசு வராது. விருந்தில் வரும் காசில்தான் அதையெல்லாம் கட்டுவார்கள்.

சாப்பாட்டுக் கணக்கும் மறைவானதில்லை. 75 டாலருக்கு மேல் கொடுத்து, பதிலுக்கு விருந்தோ வேறெதுவோ பெற்றுக்கொண்டால், அதன் மதிப்பு இவ்வளவு, மிச்சம்தான் நன்கொடை என்று அமைப்பு எழுத்தில் தர வேண்டும் என்பது உங்கள் ஊர்ச் சட்டம். அந்தச் சாப்பாடு 200 டாலர் பெறும் என்றால் மிச்சம் 550க்குத்தான் வரிக்கழிவு கேட்கலாம். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வாராவாரம் சனிக்கிழமை போய் ஒரு பிள்ளையோடு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்றால், அந்த நேரத்துக்கு ஒரு சென்ட்கூடக் கழிவு கிடையாது. காரில் போய்வந்ததற்கு மைலுக்கு 14 சென்ட் எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

சரி, சீட்டு விஷயம் முடிந்தது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க நான் வேறு வேலை பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம், "இன்னொன்று" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பத்தி.

என்ன காரியம் செய்துவிட்டீர்கள்! கதவைத் திறந்தால் மட்டும் லைட் போட்டுக்கொள்கிற ஃப்ரிட்ஜ். நாற்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், எனக்கு இப்படி ஒரு வரி வாய்த்ததில்லை. அந்த லைட்டை முழுசாக வெட்டி எறிந்துவிட்டு அங்கே 'தியாகம்' என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை தியாகத்தைக் கண்டதா? அது கண்டது லைட்டை. ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது இருட்டுச் சமையலறையில் கண்டிருக்கும். குறள் வேறு! கனி இருக்கக் காயைத் தின்கிற குறளாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஃப்ரிட்ஜுக்குள் ரெண்டும் இருக்கும், பொருத்தம்தான். ஆனால் வள்ளுவரை அங்கே கூப்பிட்டது உங்கள் மகள் இல்லை.

ரெண்டு வாரத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். அது தொண்டைக்குள் சிக்கிய முள்ளாக இருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. மேடையில் ஔவையாரும் அதியமானும். நாடகம் முழுக்கப் பெரியவர்கள் பேசி ஏற்கெனவே பதிவு செய்தது. பிள்ளைகள் வாயை மட்டும் அசைக்க வேண்டும். நடுவில் பென் டிரைவில் ஏதோ கோளாறு, "அதியமானே" என்ற இடத்திலேயே ஒலி சிக்கிக்கொண்டது. அதியமானே, அதியமானே, அதியமானே. பஞ்சில் செய்த நரைமுடி ஒரு காதுப்பக்கம் சரிய, ஔவையாராக நின்ற குழந்தை கையைத் தூக்கியது தூக்கியபடி ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. யாராவது வந்து தூக்கிக்கொண்டு போகிற வரை அப்படியே நின்றது. அதற்கு அந்த இடத்தில் சொல்ல வேறு எதுவும் இல்லை. நானாவது எழுந்து போயிருக்கலாம். தலைமை விருந்தினர் நாற்காலியில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் போன விருந்து எந்த அமைப்புக்கு என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் நியூயார்க்கில் 52ஆவது தெரு ப்ராஜெக்ட் என்று ஒன்று இருக்கிறது. தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள். பிராட்வே அரங்குகளுக்கு நாலு எட்டு மேற்கே உள்ள ஹெல்ஸ் கிச்சன், அந்தக் காலத்தில் இல்லாதப்பட்டவர்கள் நிறைய இருந்த பகுதி. கூப்பிடு தூரத்தில் உலகப் புகழ்பெற்ற நாடகக் கொட்டகைகள் இருந்தும், அங்கே இருந்த பிள்ளைகள் பலருக்கு அதற்குள் காலெடுத்து வைக்க வழி கிடையாது. வில்லி ரியேல் என்ற இளம் நடிகர், நாடகாசிரியரும்கூட, 1981இல் அந்தப் பிள்ளைகளோடு ஆரம்பித்தார். பின்னால் 1994இல் அவருக்கு மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது, அசாத்தியத் திறமை உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் ஓர் அறக்கட்டளை கொடுக்கிற பணம். இன்றைக்குப் பத்தாவது அவென்யூவில் அவர்களுக்குச் சொந்த அரங்கு இருக்கிறது. நாடகத்துக்கு நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை.

அங்கே என்ன நடக்கிறது என்றால், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் வாரக்கணக்கில் உட்கார்ந்து ஆளுக்கொரு நாடகம் எழுதுகிறார்கள். பக்கத்தில் துணைக்கு ஒரு பெரியவர். அவர் கேள்வி கேட்கலாம். இந்தப் பூனைக்கு என்ன ஆசை, அதற்கு எதைக் கண்டால் பயம். பதிலைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும் மேடையில் நடிப்பது யார் தெரியுமா? தொழில்முறை நடிகர்கள். நாற்பது வயது நடிகர் அந்தப் பிள்ளை எழுதிய வசனத்தை மனப்பாடம் செய்து, எழுதியது எழுதியபடி பேசுகிறார். எழுதிய பிள்ளை உட்கார்ந்து பார்க்கிறது.

நம் கதை இதற்கு நேர்மாறு. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்மேல் எனக்கு உள்ள மரியாதையை என்னைப் படிக்கிறவர்கள் அறிவார்கள். ஒரே ராத்திரியில் முழு நாடகத்தை எழுதி முடித்த மனிதர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தவர்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி எல்லாருமே இப்படிச் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். எல்லாம் சரி. ஆனால் பாய்ஸ் கம்பெனி என்ற ஒன்று ஏன் வந்தது? வளர்ந்த நடிகர்கள் கட்டுக்கு அடங்கவில்லை. மேடையில் ஒருவரை ஒருவர் மடக்கச் சொந்தமாக வசனம் அடித்தார்கள். பிள்ளைகள் என்றால் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும். சொல்லாவிட்டால் பிரம்பு இருக்கிறது. அப்படி வளர்ந்தவர்களால்தான் தமிழ் நாடகமும் சினிமாவும் நடந்தது என்பீர்கள். நானும் மறுக்கவில்லை. அந்தப் பழக்கம் இன்றைக்குப் பென் டிரைவ் வரை வந்து நிற்கிறது என்கிறேன்.

எங்கள் ஊர் கழுகுமலையில் ஒரு டெய்லர் தாத்தா இருந்தார். எட்டு வயதில் ஏதோ ஒரு பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, ஸ்திரீபார்ட் என்கிற பெண்வேஷம் கட்டி, வயசுக்கு வரும்போது குரல் உடைகிற மகரக்கட்டு வந்து குரல் போனதும் உடுப்புத் தைக்கிற பக்கம் ஒதுக்கப்பட்டு, கம்பெனி கலைந்ததும் தையல் மெஷினோடு ஊருக்கு வந்தவர். 1974இல் நான் ஆறாம் வகுப்பு. ஆண்டு விழாவுக்கு அரிச்சந்திரா போட அவரைக் கூட்டிவந்தார்கள். நான் அரிச்சந்திரன் மகன் லோகிதாசன். தர்ப்பை அறுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்ததும் நீளமாக ஒரு பாட்டுப் பாடிவிட்டுச் சாக வேண்டும்.

மூன்றாம் நாள் ஒத்திகையில், "பாம்பு கடிச்சவன் இவ்வளவு நேரம் பாடுவானா தாத்தா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஹார்மோனியத் துருத்தியிலிருந்து கையை எடுத்தார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். "நீன்னா என்ன சொல்லுவ?" என்றார். யோசிக்காமல், கூட வந்த பையன்கள் பக்கம் திரும்பிச் சொன்னேன்: "எங்கம்மாட்ட சொல்லிராதீங்கடா, வைவா."

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சட்டைப் பையிலிருந்து அளவு நோட்டை எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் அதை எழுதிக்கொண்டார். யாருடைய சட்டைக்கோ தோள் 16, கை 9 என்று எழுதியிருந்ததற்குக் கீழே.

விழாவுக்கு முதல் நாள் பள்ளிக்கூடப் பெரியவர் ஒருவர் ஒத்திகை பார்க்க வந்தார். ராஜகுமாரன் பேசுகிற பேச்சா இது என்றார். வரி போயிற்று, பாட்டு திரும்பி வந்தது. மறுநாள் பாடினேன். கைதட்டினார்கள், எவர்சில்வர் டம்ளர் பரிசு. தாத்தா அந்தப் பாட்டுக்கு வாசித்தபோது என்னைப் பார்க்கவே இல்லை. வைகாசியில் அக்கா கல்யாணத்துக்கு டவுசர் தைக்கப் போனேன். நோட்டைப் புரட்டினார். என் வரி இருந்த பக்கத்தில் நிறுத்தி, மிச்சமிருந்த இடத்தில் என் இடுப்பளவை எழுதினார். ஒன்றும் சொல்லவில்லை.

எழுத ஆரம்பித்தால் எங்கேயோ போய்விடுகிறேன். விருந்தில் நன்றி சொன்ன பையனைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். "என் வாழ்க்கையையே மாற்றிவிட்டது" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாகப் பேசுமா? கண் கலங்குவதற்கு முன் அதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். அவனாகப் பேசியிருந்தால் ஒத்திகையில் யாரோ கொண்டுவந்த பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லியிருப்பான், கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும்போது மூத்திரம் முட்டியதைச் சொல்லியிருப்பான். அதற்கு ஏலத்தில் கை தூக்குவார்களா என்பது எனக்குத் தெரியாது. நான் தூக்குவேன்.

உங்கள் மகளுக்குப் பொறுமை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தன் வசனத்தை அப்பா மாற்றியதும் நடிக்க மாட்டேன் என்று சொல்லத் தெரிந்திருக்கிறது அவளுக்கு. எனக்குத் தெரியவில்லை, நான் பாடினேன்.

உங்கள் கடிதத்தின் முதல் பத்தியை நீங்களே ஒரு தடவை திரும்பப் படியுங்கள். உங்கள் வீட்டில் ராத்திரி யார் முழித்திருப்பது?

அவள் முதலில் எழுதிய தாள் இருக்கிறதா? இல்லையென்றால் அவளையே சொல்லச் சொல்லி, சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ் வேஷத்தை நீங்கள் போடுங்கள். அவள் சம்மதித்தால். 'திறந்தால்' என்று திருத்திப் பேசக்கூடாது, 'தொறந்தா'தான். மிக்ஸி யார் என்றும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்