மூன்று வேலைகளுக்கு நடுவே நாவல்

நாவல், மாதக் கட்டுரை, மொழிபெயர்ப்பு மூன்றையும் தினமும் தொட முயன்று எதுவுமே நகரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கெடு உள்ள இரண்டும் எப்படியும் முடிந்துவிடும். யாரும் கேட்காத நாவல்தான் பட்டினி கிடக்கும். ஆகவே காலையின் முதல் ஒரு மணி நேரத்தை, மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்பே, அதற்குக் கொடுத்துவிடுங்கள். நிறுத்தும்போது அடுத்த காட்சியின் முதல் வரியைக் குறித்துவையுங்கள். மறுநாள் தேடி அலைய வேண்டியிருக்காது. எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது.

கைபேசியில் சிதறிக் கிடக்கும் குறிப்புகளை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சுமார் 90,000 குறிப்பு அட்டைகளை எண்ணிட்டு ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம்: ஒரே நோட்டு, வாரம் ஒருமுறை அதைப் புரட்ட அரை மணி நேரம். பழைய குறிப்புகளில் இன்னும் உங்களை உறுத்துபவற்றை மட்டும் அதில் எழுதிக்கொள்ளுங்கள்.